சாப்பிட்டுப் பேசலாம்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை அத்தாராள் மாவு அரைக்கவில்லை.

ஆனீம் ஊரில் விடிந்ததும் முதலில் கேட்பது திரிகைச் சத்தம்தான். ஒரு வீட்டில் அது கேட்கவில்லை என்றால் அங்கே சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் பெண் ஓடிப்போயிருக்க வேண்டும். பெரகியாவின் வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. அவருடைய மருமகள் அத்தாராள் திரிகைக்குப் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோதுமை கூடையோடு கிடந்தது. மண் அடுப்பில் நேற்றைய சாம்பல் அள்ளாமல் இருந்தது.

அவளுடைய அண்ணன் ஏசேர் தெக்கோவாவிலிருந்து கழுதையில் வந்து இறங்கி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. எதற்கு வந்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வந்த காரியத்தை அவன் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

காரியம் பெரிய சிக்கலானதும் இல்லை. அத்தாராளின் கணவன் ஓதேத் காய்ச்சலில் போய்ப் பத்து மாதம் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. முறைப்படி தம்பி யாமீன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறக்கும் முதல் மகன் ஓதேத்தின் பேரைச் சொல்லி, ஓதேத்தின் பங்கு நிலத்தை ஆளுவான். கட்டிக்கொள்ள இஷ்டமில்லை என்றால் அதையும் சொல்லலாம். ஊர் வாசலில் மூப்பர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவள் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, முகத்துக்கு நேரே துப்பிவிட்டுத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போவாள். அப்புறம் அந்த வீட்டுக்குச் 'செருப்புக் கழன்றவன் வீடு' என்று பேர் விழும், தலைமுறைக்கும் போகாது.

பெரகியாவுக்கு இரண்டுமே கசந்தது. மூத்தவன் பேரில் பேரன் வந்தால் நிலம் இரண்டாகப் பிரியும். இளையவன் முடியாது என்றால் மானம் போகும். அதனால் மனிதர் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தார். யாரையும் எதையும் பேசவே விடக்கூடாது!

பேசவிடாமல் செய்ய அவர் யாரையும் அதட்டவில்லை. விருந்து வைத்தார், அவ்வளவுதான். ஒரு வீட்டின் அப்பத்தைத் தின்றவன் அன்றைக்கே அந்த வீட்டின்மேல் ஊர் வாசலில் வழக்குச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது என்பது ஆனீம் பக்கத்து வழக்கம். ஏசேர் வந்த அன்று பெரகியா எதிரே ஓடிப்போய், குனிந்து வணங்கி, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, ஆட்டுக்குட்டி அடித்தார். மறுநாள் பொழுது விடிவதற்குள் சுடச்சுட அப்பம். அதற்கு மறுநாளும் அப்பம், கூடவே தயிர். ஆறு நாளாகப் பொழுது இப்படித்தான் போகிறது.

அந்த அப்பத்தைச் சுட்டது யார்? அத்தாராள்தான். தன் வழக்கின் வாயைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு நாலாம் நாள்தான் உறைத்தது. அதிலிருந்து அவளுக்கு மாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுச் சாயங்காலம் கிணற்றடியில் அண்ணனைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில நான் அடுப்புப் பத்த வைக்கப் போறதில்ல. நீ எதையும் வாயில வைக்காத. நேரா ஊர் வாசலுக்கு நட. சக்கூர் தாத்தா வெயில் ஏறுறதுக்குள்ள வந்து உக்காந்துருவார்."

"சரி புள்ள."

"எதையும்னா எதையும். ஒரு வாய் மோர்கூட குடிக்கக்கூடாது."

"அட, சரிங்கறேன்ல! நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அந்தச் 'சரி'யை நம்பித்தான் அவள் இப்போது சும்மா கிடந்த திரிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் சேராள் முற்றத்துக்கு வந்தாள். திரிகையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"அரைக்கலையா?"

"இல்ல அத்தை."

"ம்."

அவ்வளவுதான். சேராள் திரும்பி ஏணியில் ஏறிக் கூரைக்குப் போய்விட்டாள். மகன் செத்த நாளிலிருந்து அவள் பேச்சே இப்படித்தான், ஒரு சொல், இரண்டு சொல். திட்டினால்கூடத் தேவலை என்று அத்தாராளுக்குத் தோன்றியது. இந்த வீட்டில் ஒருவர் சோற்றாலும் ஒருவர் மௌனத்தாலும் அவளைக் கொல்கிறார்கள். இதில் யாரை நொந்துகொள்வது?

உள்ளறையிலிருந்து பெரகியாவின் குரல் வந்தது.

"அம்மாடி, மருமகளே! தம்பி எழுந்திரிச்சாச்சு. அப்பம் வரலையே?"

"அடுப்பு பத்தல மாமா."

"பத்தலையா?"

"பத்த வைக்கல."

அத்தாராள் எழுந்து கதவோரம் போய் நின்றாள். ஏசேர் இடுப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டு, மேலங்கியையும் எடுத்துத் தோளில் போட்டிருந்தான். அவள் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பரவாயில்லை, புறப்படத்தான் போகிறான்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் பெரகியா. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "பொம்பளைங்களுக்கு ஒரு நாள் அலுப்பா இருக்கும். அதுக்காக சம்பந்தி வீட்டுப் பிள்ளை பட்டினியா கெடக்கணுமா? இந்தா தம்பி, போன வருஷத்து அத்திப்பழ அடை. நம்ம மரத்துப் பழம். கடிச்சுப் பாரு, தேன்!"

"வேணாம் மாமா. நான் கொஞ்சம் வாசல் பக்கம் போயிட்டு..."

"போவலாம், போவலாம். வாசல் எங்க ஓடியா போயிரும்? ஒரு வாய். என் கையால."

பெரகியா அடையைப் பிட்டு, சம்பந்தி வீட்டுப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினார். ஏசேர் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'வேண்டாம்' என்று கெஞ்சினாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஏசேர் நெளிந்தான், அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

பிறகு வாயைத் திறந்தான்.

அத்தாராளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவன் தலையிலா தன் தலையிலா என்றுதான் தெரியவில்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றார் பெரகியா.

"ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கு மாமா."

"இன்னொரு துண்டு எடுத்துக்க. எதுவா இருந்தாலும் நாளைக்கு நிதானமா பேசலாம். நம்ம வீட்டுப் பேச்சு, நமக்குள்ள என்ன?"

சிறிது நேரம் கழித்து ஏசேர் கொட்டிலில் கழுதைக்குச் சேணம் வைத்துக்கொண்டிருந்தபோது அத்தாராள் பின்னால் போய் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊருக்குத்தான் புள்ள. வாற்கோதுமை முத்திக் கெடக்குன்னு நேத்தே ஆள் சொல்லி விட்டான். இன்னும் ரெண்டு நாள் விட்டா மணியெல்லாம் கொட்டிப் போயிரும். அறுப்பு முடிச்சதும் ஓடி வந்துர்றேன்."

"அறுப்பு முடிஞ்சா கோதுமை அறுப்பு வரும். அது முடிஞ்சா திராட்சை வரும். அப்புறம் ஒலிவம்பழம் வரும். நான் இங்க மாவு அரைச்சுக்கிட்டே கெழவி ஆயிருவேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? அவர் வாய்கிட்டயே கொண்டு வந்துட்டாரு. பெரிய மனுசன் கையத் தட்டி விடச் சொல்றியா?"

"ஆமா. தட்டி விடத்தான் சொன்னேன்."

"அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி இல்ல புள்ள."

"அந்த வளர்ப்புல எனக்குப் பேசறதுக்கு ஒரு வாய்கூட மிஞ்சலையே அண்ணே!"

ஏசேர் சேணத்து வாரை இழுத்துக் கட்டுவதிலேயே குறியாக இருந்தான். கெட்டவன் இல்லை அவன். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியவன்தான். ஆனால் நல்லவனாக இருப்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அந்த நல்ல குணத்தைக் கண்டுதான் அவளுக்கு இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நான் சாப்பிடல" என்றாள் திடீரென்று.

"என்னது?"

"இன்னைக்கு நான் இந்த வீட்டுல எதையும் வாயில வைக்கல. நீதான தின்ன? நான் திங்கலையே?"

"ஏ, புள்ள... எங்க போற? ஏய்! பொம்பள தனியா..."

அவள் முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

போகும்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கொழுந்தன் மறுத்தால் அண்ணன் மனைவிதான் வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று முறையே இருக்கிறது. தகப்பன் போகவேண்டும், அண்ணன் போகவேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவள் அறிய யாரும் தனியாகப் போனதில்லை என்பதால் அவளும் ஆள் அனுப்பி, ஆளுக்குக் காத்திருந்து, வந்த ஆளுக்கு அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மாதம் வீண்.

ஊர் வாசலின் உட்புறம், கல் மேடையில் மூப்பர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சக்கூர். எண்பது வயது, காது கூர்மை, பல் மூன்றோ நாலோ. யாருடைய ஆடு யாருடைய கொல்லையில் மேய்ந்தது என்று ஏதோ பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அத்தாராள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள். ஆட்டுப் பேச்சு அப்படியே நின்றது.

"யாரு? பெரகியா மருமகளா? என்னம்மா, உங்க அண்ணன் வரலையா?"

"அவர் இன்னைக்கும் சாப்பிட்டுட்டாரு தாத்தா."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊர் முழுக்க இந்த விருந்தின் கதை ஓடியிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ?" என்றார் சக்கூர்.

"நான் நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் திங்கல."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப சொல்லு."

அத்தாராள் சொன்னாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பேரை இஸ்ரவேல்ல நிக்க வைக்க அவர் தம்பி இன்னும் வரல. வர்றேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. பத்து மாசமா 'அண்ணி, அண்ணி'ன்னு கூப்பிட்டுக்கிட்டுத் திரியறாரு. அவரு என்னைக் கட்டினாலும் எனக்குச் சரி, கட்டாட்டியும் சரி. எனக்கு ஒரு பதில் வேணும். பதில் இல்லாம நான் அந்த வீட்டு மருமகளும் இல்ல, எங்கப்பா வீட்டுப் பொண்ணும் இல்ல. மாவு அரைக்கற கல்லு ஒண்ணு இருக்கு, அதைச் சுத்தற கை ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான் நான்."

சக்கூர் ஒருவனைக் கூப்பிட்டு, "யாமீன் திராட்சைத் தோட்டத்துல இருப்பான். கூட்டிக்கிட்டு வா" என்று அனுப்பினார்.

யாமீன் வருவதற்கு முன்னால் பெரகியா வந்துவிட்டார். மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்போடு.

"என்ன எல்லாரும் இப்படி வெயில்ல உக்காந்திருக்கீங்க? சக்கூர் ஐயா, வாங்க, வாங்க, எல்லாரும் எழுந்திருங்க. கொழுத்த கன்னுக்குட்டி ஒண்ணு அடிக்கச் சொல்லிட்டேன். நம்ம வீட்டுக்கு நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு! சாப்பிட்டுப் பேசலாம்."

கன்றுக்குட்டி என்றதும் மேடையில் ஒரு சலசலப்பு. கடைசியாக ஆனீமில் கன்று அடித்தது எப்போது என்று ஒருவருக்கும் நினைவில்லை. இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். ஒருவர் கைத்தடியைத் தேடினார். சக்கூரின் நாக்கு ஒரு தரம் வெளியே வந்து உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது.

போச்சு, என்று நினைத்தாள் அத்தாராள். இவர்களும் இப்போது வாயைத் திறந்து சாப்பிடப் போகிறார்கள். நாளைக்கும் கன்று, நாளன்றைக்கும் கன்று. ஊர் முழுக்க அந்த வீட்டில் சாப்பிட்டு முடித்தால் அப்புறம் வழக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்?

"மாமா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கன்னு அடிக்கலாம். மாவு யாரு அரைப்பா?"

பெரகியாவின் சிரிப்பு உறைந்தது.

"எட்டுப் பேருக்கு அப்பம் சுடணும்னா மூணு படி மாவு வேணும். நான் இங்க நிக்கறேன். என் பேச்சு முடியற வரைக்கும் இங்கதான் நிப்பேன். அப்பம் இல்லாம விருந்து வச்சாருன்னு ஊர் சொல்லணும்னா கூட்டிக்கிட்டுப் போங்க."

கைத்தடியைத் தேடியவர் மெல்ல உட்கார்ந்தார். சக்கூர் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்பம் இல்லாத விருந்துக்கு எனக்குப் பல்லு பத்தாது பெரகியா. நீயும் உக்காரு" என்றார். இந்த முறை எல்லோருமே வாய்விட்டுச் சிரித்தார்கள், பெரகியாவைத் தவிர.

யாமீன் வந்தான். இருபது வயது. நல்ல உயரம், அண்ணன் சாடை. தோட்டத்து மண் முழங்கால் வரை ஒட்டியிருந்தது. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் கூடிவிட்டதைப் பார்த்ததும் அவனுக்குக் காது சிவந்தது.

"யாமீன், உங்க அண்ணி சொன்னதைக் கேட்டிருப்ப. கட்டிக்கறியா? இல்ல, முடியாதுங்கறியா?" என்றார் சக்கூர்.

யாமீன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவன் காலைப் பார்த்தார். அப்போதுதான் மற்றவர்களும் பார்த்தார்கள். அவன் வெறுங்காலோடு வந்திருந்தான்.

"செருப்பு எங்கடா?" என்றார் சக்கூர்.

"வார் அந்து போச்சு தாத்தா."

"ரெண்டும் அந்து போச்சா?"

"ரெண்டும்."

பெரகியா தொண்டையைச் செருமினார். "பாருங்க ஐயா, பிள்ளை காலுல செருப்பே இல்ல. அவன் வாயில என்ன பதில் வருமோ, நமக்குத் தெரியாது. ஒருவேளை முடியாதுன்னுட்டா? முறை செய்யணும்ல? கழட்ட ஒண்ணும் இல்லாம எப்படிக் கழட்டறது? அரைகுறையா முறை செஞ்சா அது முறையா? புதுசா ஒரு ஜோடி தெச்சதும் ஒரு நல்ல நாளாப் பார்த்துக் கூடிக்குவோம்."

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார் ஒருவர். "செருப்பு இல்லாம இது நடந்ததா நான் கேள்விப்பட்டதில்ல" என்றார் இன்னொருவர். சக்கூர் வாயை மென்றார். முறைக்கு வெளியே ஓர் அடி வைக்க அந்தக் கிழவருக்கும் துணிச்சல் இல்லை.

சோற்றைத் தாண்டி வந்தால் செருப்பு. செருப்பைத் தாண்டினால் வேறொன்று வரும். இந்த மனிதர்களின் தந்திரத்துக்கு அடியே கிடையாதா? அத்தாராளுக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும்போல வந்தது. அழுதால் 'பொம்பளை அழுவுறா, வீட்டுக்குக் கூட்டிப் போங்க' என்று அதையும் சாக்காக்கி விடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, அப்ப நாளை..." என்று சக்கூர் ஆரம்பித்தார்.

"இருங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. தண்ணீர்க் குடங்கள் விலகின. சேராள் வந்துகொண்டிருந்தாள். முக்காடு சரியாகப் போடவில்லை, தலைமயிரில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. கையில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு.

"வார் அந்து போகல" என்றாள் சேராள். "வழக்கு வரும்னு பயந்து காலையில பந்து மாதிரி சுருட்டிக் கூரையில வைக்கோலுக்கு அடியில வச்சிருந்தான். மூத்தவனும் சின்ன வயசுல எதையாவது ஒளிச்சா அங்கதான் ஒளிப்பான். எனக்குத் தெரியாதா?"

"சேராள், நீ வீட்டுக்குப் போ" என்றார் பெரகியா.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே யாமீன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "கால நீட்டு" என்றாள்.

"அம்மா..."

"நீட்டுடா."

யாமீன் காலை நீட்டினான். சேராள் முந்தானையால் அவன் காலிலிருந்த தோட்டத்து மண்ணைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள். வாரைக் கணுக்காலில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றக் காலுக்கும் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து அத்தாராளைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதல்முறையாக அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பத்து மாசமா எம் மூத்த பிள்ளை பேரை ஒருத்தர்கூட எங்க வீட்டுல சொல்லல" என்றாள் யாருக்கென்று இல்லாமல். "இவ ஒருத்தி அவனுக்காக அலையறா. நான் பெத்தவ, கூரையில போய் உக்காந்துக்கிட்டேன்."

அத்தாராள் அத்தையின் தலையிலிருந்த வைக்கோல் துரும்பை எடுத்துவிட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சேராள் எழுந்து, மகன் தோளில் கை வைத்தாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லிரு யாமீன். கட்டிக்கறேன்னா இவளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. முடியாதுன்னா அவ கழட்டிக்கட்டும், நம்ம வீட்டுப் பேர் போனா போகட்டும், நான் சுமந்துக்கறேன். ரெண்டும் இல்லாம வயலுக்குப் போறேன், தோட்டத்துக்குப் போறேன்னு எழுந்திரிச்சே, உனக்கு இனி என் அடுப்புல சோறு கிடையாது."

பெரகியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணாவது தடவை நான் கேக்க மாட்டேன்" என்றார் சக்கூர். "ஓதேத்தோட தம்பி யாமீன், சொல்லு."

யாமீன் தன் காலைப் பார்த்தான். அம்மா போட்ட முடிச்சைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, அப்பாவை விட்டுவிட்டு, அத்தாராளையே நேராகப் பார்த்தான்.

"அத்தாராள், வா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

'அண்ணி' என்று சொல்லவில்லை.